காத்திருப்பின் கூலி

கல்கத்தாவில் நெடுங்காலம் வாழ்ந்தவர்களிடமும், சில நாட்கள் மட்டும் வந்து தங்கிப் போனவர்களிடமும், அந்நகரத்து டாக்சிக்காரர்களைப் பற்றி விசாரித்தால், அபிப்பிராய பேதமின்றி எல்லோரும் சொல்லும் குறை ஒன்று உண்டு. கை காட்டினால் வண்டியை நிறுத்துவார்கள். போக வேண்டிய இடத்தைக் கேட்பார்கள். கேட்டபின் தலையை அசைத்துவிட்டுப் போய்விடுவார்கள். மழை கொட்டும் மாலையில் கைக்குழந்தையுடன் நிற்கும் தாயும், ஆஸ்பத்திரி வாசலில் நோயாளியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் மகனும் இந்த மறுப்பை அனுபவித்திருக்கிறார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும், கூலி கொடுக்கத் தயாராக எதிரில் நிற்கும் மனிதனிடம், தன் ஜீவனத்துக்கு ஆதாரமான காரியத்தையே ஒரு தொழிலாளி வேண்டாமென்று மறுக்கிறான் என்றால், அதுவும் ஒருவன் இருவனல்ல, ஒரு நகரத்தின் தொழிலாளர் கூட்டமே பல தலைமுறைகளாக அப்படி மறுத்து வருகிறது என்றால், அதை வெறும் துர்க்குணம் என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. கொத்தனாரும் தச்சரும் செய்யாத காரியத்தை டாக்சி ஓட்டுபவன் செய்கிறான் என்பதற்குக் காரணம் அவனுடைய சுபாவத்தில் இல்லை. அவன் தொழில் அமைந்திருக்கும் விதத்தில் இருக்கிறது.

2014-ஆம் ஆண்டில் மேற்கு வங்க அரசாங்கம் இந்தக் குறையைத் தண்டனையால் தீர்க்க முற்பட்டது. பிரயாணியை ஏற்ற மறுக்கும் சாரதிக்கு 3,000 ரூபாய் அபராதம் என்று விதிக்கப்பட்டது. சவாரியை மறுக்கலாகாது என்ற வாசகத்தைத் தாங்கிய, வெள்ளை உடலில் நீலக் கோடு தீட்டிய புதிய டாக்சிகள் அதற்குச் சற்று முன்பே தெருவுக்கு வந்திருந்தன. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்தினார்கள், கட்டண உயர்வு கேட்டும் போலீஸ் கெடுபிடியை எதிர்த்தும் வீதிக்கு வந்தார்கள், சிலர் கைதானார்கள், இடதுசாரித் தொழிற்சங்கங்கள் அவர்களுக்குத் துணை நின்றன. அப்போது குறைந்தபட்சக் கட்டணம் 25 ரூபாய். ஆகவே ஒரே ஒரு மறுப்புக்கு விதித்த அபராதத்தைக் கட்டுவதற்கு, நூற்றிருபது சிறு சவாரிகளின் முழு வசூலையும், டீசலுக்கென்று ஒரு காசும் எடுக்காமல், அவன் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும். தண்டனை அதிகமா குறைவா என்று அந்த நாட்களில் பலத்த வாதம் நடந்தது. ஆனால் குற்றமென்று கருதப்பட்ட அந்தச் செயலுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு என்ன என்று ஆர அமர உட்கார்ந்து பார்ப்பதுதான் முதற்காரியம்.

கணக்கு மிகவும் எளியது. 2018-ஆம் ஆண்டில் கட்டணம் திருத்தப்பட்டபோது, முதல் 2 கிலோமீட்டருக்கு 30 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 15 ரூபாய் என்று ஆயிற்று. கரியாஹாட் முனையில் நிற்கும் ஒரு வண்டியைப் பத்துக் கிலோமீட்டர் தூரத்திலுள்ள புறநகர்ச் சந்து ஒன்றுக்கு இரவு எட்டு மணிக்கு ஒருவர் அழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். போய்ச் சேர்ந்ததும் மீட்டரின்படி 150 ரூபாய் கிடைக்கும். அந்தச் சந்திலிருந்து அந்நேரத்தில் நகரத்துக்குத் திரும்பும் பிரயாணி யாரும் அகப்பட மாட்டார். வண்டி வெறுமையாகத் திரும்ப வேண்டும். ஓடிய தூரம் 20 கிலோமீட்டர். பெற்ற கூலி 150 ரூபாய். நகரத்து நெரிசலில் அந்தப் பழைய வண்டி ஒரு லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் ஓடினால், இரண்டு லிட்டர் டீசல் செலவு. 2018-இல் கல்கத்தாவில் டீசல் விலை ஏறத்தாழ 70 ரூபாய். ஆகவே செலவு போக மிச்சம் பத்து ரூபாய். 2022-க்குள் அந்த விலை 90 ரூபாயைத் தாண்டிவிட்டது; கட்டணப் பட்டியலோ இருந்த இடத்திலேயே இருந்தது. அப்போது அதே சவாரிக்குச் சென்றவன், முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ வாகன நெரிசலில் உழன்று, பிரயாணியைப் பத்திரமாக அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, முப்பது ரூபாயைத் தன் கையிலிருந்து கொடுத்துவிட்டு வந்தவன் ஆகிறான். பிரயாணியின் கண்ணுக்குத் திமிராகத் தெரியும் அந்தத் தலையசைப்பு இந்தக் கணக்கின் விடைதான். பல வருஷ அனுபவத்தால் அதை ஒரு நொடியில் போட்டு முடிக்க அவன் கற்றிருக்கிறான்.

இந்தக் கணக்கிலும் நான் ஒன்றைச் சேர்க்கவில்லை. கல்கத்தா டாக்சிகளில் பல, ஓட்டுபவருக்குச் சொந்தமானவை அல்ல. வண்டியும் பர்மிட்டும் முதலாளியுடையவை. காலையில் வண்டியை எடுக்கும் சாரதி, அன்றைக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை அவரிடம் செலுத்தியாக வேண்டும். டீசலும் அவன் பொறுப்பு. அந்தத் தொகை மழை வந்தாலும் உண்டு, கடையடைப்பு என்றாலும் உண்டு, ஊர்வலத்தால் தர்மதலாவில் இரண்டு மணி நேரம் வண்டி அசையாமல் நின்றாலும் உண்டு. விடியற்காலை ஐந்து மணிக்குத் தெருவுக்கு வருகிறவன், தனக்கென்று முதல் ரூபாயைச் சம்பாதிக்கத் தொடங்குவது எத்தனை மணிக்கு என்பதை எந்த மீட்டரும் காட்டாது. வண்டியைத் திருப்பி ஒப்படைக்கும் வேளை நெருங்கும்போது கொட்டகைக்கு எதிர்த்திசையில் போகும் சவாரியை அவன் மறுப்பது, தொழிற்சாலையின் சங்கு ஊதியபின் தொழிலாளி வீட்டுக்குப் புறப்படுவதைவிடப் பெரிய பாபம் அல்ல. சங்கு இருக்கும் இடத்தில் அது உரிமை எனப்படுகிறது; சங்கில்லாத தொழிலில் அது அவமரியாதை எனப்படுகிறது.

இவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலும் நடுப்பகுதியிலும் கல்கத்தாவின் டாக்சித் தொழிலில் சீக்கியர்கள் முதன்மையாக இருந்தார்கள். பவானிபூர்ப் பகுதியில் அவர்கள் குடியிருப்புகளும் குருத்வாராக்களும் எழுந்தன. பின்னர் அவர்கள் பிள்ளைகள் வேறு தொழில்களுக்குப் போக, பிகாரிலிருந்தும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்த கிராமவாசிகள் அந்த இடத்தை நிரப்பினார்கள். குடும்பம் ஊரில், தான் நகரத்தில், நாலைந்து பேர் பகிர்ந்துகொள்ளும் ஓர் அறையில், அல்லது வண்டியின் பின்னிருக்கையிலேயே. தண்ணீரும் உப்பும் பச்சை மிளகாயும் சேர்த்துப் பிசைந்த கடலைச் சத்துமாவுதான் பலருக்குப் பகல் உணவு. மலிவானது, வயிற்றில் நிற்பது, அடுப்பு கேளாதது. தீபாவளி கழிந்து சத் பூஜை வரும்போது அவர்கள் கூட்டங்கூட்டமாக ஊருக்குப் போய்விடுவார்கள். அந்தச் சில நாட்களில் கல்கத்தாவில் டாக்சி கிடைப்பது அரிதாகிவிடும். லேக் மார்க்கெட்டைச் சுற்றி வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள், சென்னை ரயிலைப் பிடிக்க ஹௌராவுக்குப் போக வண்டி கிடைக்காமல், அவர்கள் இல்லாத குறையை அப்போதுதான் உணர்வார்கள். இன்னொருவன் தன் சூரியனுக்கு அர்க்கியம் விடுவதற்காக வருஷத்தில் ஒரு முறை எடுத்துக்கொள்ளும் விடுமுறை அது, சம்பளத்தோடு கூடியதல்ல.

இங்கே ஒருவர் ஓர் ஆட்சேபம் எழுப்பலாம். வியாபாரம் என்றால் காத்திருத்தல் அதில் அடங்கியதுதானே? மளிகைக் கடைக்காரர் பகல் முழுவதும் வாடிக்கையாளருக்காக உட்கார்ந்திருக்கிறார்; அவர் உட்கார்ந்திருந்த நேரத்துக்கு யார் கூலி கொடுக்கிறார்கள்? டாக்சிக்காரனுக்கு மட்டும் என்ன தனி நியாயம்? இது நேர்மையான கேள்வி. கடைக்காரர் தம் சரக்குக்குத் தாமே விலை வைக்கிறார் என்பதுதான் இதற்கு விடை. வராத வாடிக்கையாளருக்காகக் காத்திருந்த நேரமும், விற்காமல் கெட்டுப்போன சரக்கும், வந்த வாடிக்கையாளர் கொடுக்கும் விலையில் அவர் அறிந்தே சேர்ந்திருக்கின்றன. டாக்சிக்காரனுக்கு அந்த உரிமை கிடையாது. அவனுடைய உழைப்பின் விலையை மோட்டார் வாகனச் சட்டத்தின்படி அரசாங்கம் நிர்ணயிக்கிறது. பிரயாணியின் நன்மைக்காக அப்படி நிர்ணயிப்பது சரியே. பேரம் பேசி அலுத்துப்போன எந்த ஊர்க்காரரும் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் விலையை நிர்ணயிக்கும் அதிகாரத்தை ஒருவர் கையில் எடுத்துக்கொண்டால், அந்த விலையில் அடங்காத காத்திருப்புக்கும் அவரே கடன்பட்டவர் ஆகிறார். வண்டிக்குள் பிரயாணி இருக்கையில் சிவப்பு விளக்கில் நின்றால், நிற்கும் நிமிஷங்களுக்கும் மீட்டர் ஏதோ ஒரு சிறு தொகையைக் கூட்டிக் காட்டுகிறது. ஆகவே நிற்பதும் ஓர் உழைப்பே என்பதை அரசாங்கம் அறியாமலில்லை. பிரயாணி இறங்கிய மறுகணம் முதல் அடுத்தவர் ஏறும்வரை அதே மனிதன், அதே வண்டியில், அதே நகரத்தின் சேவைக்காகவே நிற்கிறான். அந்த நேரம்தான் யார் கணக்கிலும் ஏறாமல் போகிறது.

கட்டணத்தை உயர்த்துவதில் அரசாங்கங்கள் காட்டும் தயக்கத்துக்குக் கல்கத்தாவில் ஆழ்ந்த வேர் உண்டு. 1953-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், பிரிட்டிஷாருக்குச் சொந்தமான கல்கத்தா டிராம்வே கம்பெனி இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரு பைசா உயர்த்தியபோது, நகரமே கொந்தளித்தது. ஜனங்கள் பழைய கட்டணத்தையே கொடுப்போம் என்று பிடிவாதமாக நின்றார்கள், டிராம்கள் கொளுத்தப்பட்டன, இறுதியில் உயர்வு கைவிடப்பட்டது. ஏழை உழைப்பாளியின் ஒரு பைசாவுக்காக நடந்த அந்தப் போராட்டத்தின் தார்மீக பலத்தை நான் குறைத்துப் பேசவில்லை. லாபத்தை அயல்நாட்டுக்கு எடுத்துச் சென்ற ஒரு கம்பெனியை எதிர்த்து எழுந்தது அது. ஆனால் அந்த வெற்றியின் நினைவு, வங்காளத்தில் பின்னால் வந்த ஆட்சிகள் அனைத்துக்கும், எந்தக் கட்சியினுடையதாயினும், கட்டண உயர்வு என்றாலே அடிவயிற்றில் ஓர் அச்சத்தை விட்டுச் சென்றது. டிராம் கம்பெனியை எதிர்த்த நியாயம், கம்பெனியே இல்லாத டாக்சிக்காரன்மீது அப்படியே பொருத்தப்பட்டது. அங்கே தடுக்கப்பட்டது பங்குதாரரின் லாபம். இங்கே தடுக்கப்படுவது ஓர் ஏழையின் கூலி.

கட்டணத் திருத்தம் எவ்வளவு அரைமனத்தோடு நடந்தது என்பதற்குப் பழைய மீட்டர்களே சாட்சி. அந்த யந்திர மீட்டர்கள் என்றோ ஒரு காலத்துக் கட்டணத்தையே காட்டிக்கொண்டிருந்தன. அவற்றைத் திருத்த யாரும் முன்வரவில்லை. ஆகவே ஒரு கட்டத்தில், மீட்டர் காட்டும் தொகையை இரட்டித்து அதோடு இரண்டு ரூபாய் சேர்த்துக் கொடுப்பது என்ற சம்பிரதாயம் ஏற்பட்டது. ஊருக்குப் புதிதாக வந்த பிரயாணி தன்னை ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்தார். கணக்கை விளக்கிய சாரதி ஏமாற்றுக்காரன் என்று பெயர் வாங்கினான். அரசாங்கம் செய்ய வேண்டிய கூட்டலையும் பெருக்கலையும், தெருவில், தர்க்கத்துக்கு நடுவே, நாள்தோறும் செய்யும் பொறுப்பு அவன் தலையில் விழுந்தது. சென்னையிலும் இதே கதைதான். 2013 ஆகஸ்டில் ஆட்டோக்களுக்கு முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று நிர்ணயித்துவிட்டு, பெட்ரோல் விலை எங்கோ ஏறிப்போன பிறகும் அரசாங்கம் அதைப் பல்லாண்டுகள் தொடாமலே விட்டது. மீட்டருக்கு மேலே போட்டுக் கொடுங்கள் என்று கேட்ட ஆட்டோக்காரரைத் திட்டிய நாம், மீட்டரைத் திருத்தாதவர்களைக் கேட்கவில்லை. காலத்தோடு நகராத ஒரு விலை, அதற்கு உட்பட்டு வாழ்பவனை ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாகச் சட்டத்துக்கு வெளியே தள்ளுகிறது. பிறகு அதே சட்டம் அவனைப் பிடித்து அபராதம் விதிக்கிறது.

வேலை நேரத்தைப் பற்றி நம் நாட்டில் சட்டமே இல்லையா என்றால், இருந்தது. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் என்று வரம்பு கட்டியது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, தொடர்ந்து ஐந்து மணி நேரம் வேலை செய்தால் இடையில் அரை மணி இளைப்பாறுதல் என்று மனிதாபிமானத்தோடு பல விதிகளைச் செய்தது. ஆனால் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஸ்தாபனங்களுக்கே அது இயல்பாகச் செல்லுபடியாகும். கல்கத்தாவின் டாக்சித் தொழிலோ, ஒரு வண்டி, ஒரு முதலாளி, ஒரு சாரதி என்று துண்டு துண்டாகச் சிதறிக் கிடப்பது. நகரம் முழுவதும் ஒரே கட்டணத்துக்கு உட்பட்ட, ஒரே அபராதத்துக்கு அஞ்சிய ஆயிரக்கணக்கான மனிதர்கள், தண்டனைக்கு வரும்போது ஒரு கூட்டமாகவும், பாதுகாப்புக்கு வரும்போது தனித்தனி ஆளாகவும் எண்ணப்பட்டார்கள். அந்தச் சட்டமும் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டங்களுக்குள் கரைந்துபோயிற்று. எட்டு மணி நேரம் என்ற சொல்லைக் காதால்கூடக் கேளாமல் ஒரு தலைமுறைச் சாரதிகள் ஓட்டி ஓய்ந்துவிட்டார்கள்.

அவர்களோடு அவர்கள் வண்டியும் ஓய்கிறது. ஹூக்ளி நதிக்கரையில் உத்தர்பாராவில் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் பிறந்த அம்பாசிடர், 1962 முதல் கல்கத்தா டாக்சியின் உருவமாகவே நிலைத்தது. 2014 மே மாதத்தில் அந்த ஆலை உற்பத்தியை நிறுத்தியது. அதற்கு முன்பே, நகரத்தின் காற்று மாசடைந்து வருவதைத் தடுக்க, பதினைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட வர்த்தக வாகனங்கள் ஓடலாகாது என்று கல்கத்தா உயர்நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்திருந்தது. அப்போது பழைய வண்டிகள் பெருவாரியாகக் கழிக்கப்பட்டுப் புதியவை வாங்கப்பட்டன. பதினைந்து ஆண்டுகள் கழித்து அந்தப் புதியவற்றின் முறையும் வந்துவிட்டது. மஞ்சள் டாக்சி மறைகிறதே என்று கவிஞர்களும் புகைப்படக்காரர்களும் உருகுகிறார்கள். 2025-இல் பாரம்பரியம் என்ற பெயரோடு வேறு கம்பெனிக் கார்களுக்கு மஞ்சள் பூசித் தெருவில் விட்டும் ஆயிற்று. சுத்தமான காற்று எல்லோருக்கும் வேண்டும். முதலில் அந்தப் புகையைப் பன்னிரண்டு மணி நேரம் சுவாசிக்கும் சாரதிக்கு வேண்டும். ஆனால் பொதுநன்மைக்காக ஒருவனுடைய ஜீவனோபாயம் கழித்துக் கட்டப்படும்போது, அதன் முழுச் செலவையும் அவனே ஏற்க வேண்டும் என்பது எந்தத் தர்மத்தில் சேரும்? பழைய இரும்பின் விலைக்கு வண்டியைக் கொடுத்துவிட்டு, புதிய வண்டிக்குக் கடன் வாங்க முடியாத அறுபது வயதுச் சாரதிக்கு, ஓய்வூதியம் என்று ஒன்று இல்லை. ரித்விக் கட்டக் 1958-இல் எடுத்த ‘அஜாந்திரிக்’ திரைப்படத்தில் ஓர் ஓட்டை டாக்சியைத் தன் உயிராக நேசித்த சாரதி, அது பழைய இரும்பாகப் போவதைப் பார்த்து நிற்கிறான்; சுபோத் கோஷின் கதையிலிருந்து பிறந்த படம் அது. யந்திரத்துக்கும் மனிதனுக்கும் இடையேயுள்ள அந்தப் பந்தத்தை வங்கக் கலை வெகு காலத்துக்கு முன்பே கண்டுகொண்டது. வங்க நிர்வாகம் இன்னும் காணவில்லை.

2014-ஆம் ஆண்டு இந்த வரலாற்றில் மற்றொரு விதத்திலும் எல்லைக்கல். ஆலை மூடிய, அபராதம் வந்த அதே ஆண்டில்தான் ஊபரும் ஓலாவும் கல்கத்தாவுக்கு வந்தன. முதலாளியிடம் தின வாடகை கட்ட வேண்டியதில்லை, நீயே உனக்கு எஜமானன், விரும்பிய நேரத்தில் ஓட்டலாம் என்ற வாக்குறுதியை நம்பி, நிலத்தை அடகு வைத்தும் மனைவியின் நகையை விற்றும் கடனில் கார் வாங்கியவர்கள் அநேகர். தொடக்கத்தில் ஊக்கத்தொகை தாராளமாக வந்தது. பிரயாணிகள் பழகிய பிறகு அது வற்றியது. கம்பெனியின் பங்கு, கட்டணத்தில் ஐந்தில் ஒன்று நான்கில் ஒன்று என்று வளர்ந்தது. மாதத் தவணை மட்டும் மாறாமல் நின்றது. பழைய முதலாளியிடம் காய்ச்சல் என்று சொல்லி ஒரு நாள் தவணை கேட்கலாம். கைப்பேசித் திரையிடம் எதைச் சொல்வது? சவாரிகளை அடிக்கடி மறுத்தால் அடுத்த சவாரி வருவது குறைகிறது. பிரயாணி கொடுக்கும் நட்சத்திரங்கள் குறைந்தால், விசாரணையுமின்றி ஒரு நாள் கணக்கே முடக்கப்படுகிறது. அரசாங்கம் 3,000 ரூபாய் அபராதத்தால் சாதிக்க முடியாததை, ஓசையில்லாமல் ஒரு கணக்கீட்டு முறை சாதித்துவிட்டது. மறுப்பு குறைந்திருக்கிறது, மறுப்பைப் பிறப்பித்த நஷ்டம் குறையவில்லை. 2020 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், கட்டணத்தில் எண்பது விழுக்காடாவது ஓட்டுநருக்குச் சேர வேண்டும் என்றும், ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் அவர் பணியில் இருக்கலாகாது என்றும் கூறின. நன்மையே, ஆயினும் 1961-இல் எட்டு மணி நேரத்தை நியாயமென்று கருதிய தேசம், அறுபது ஆண்டுகளுக்குப் பின் பன்னிரண்டு மணி நேரத்தைக் கருணையென்று அறிவிக்கும் நிலைக்கு வந்திருப்பதை எண்ணும்போது என் மனம் கனக்கிறது.

பிற தேசங்களில் இதைப் பற்றி விசாரம் நடந்திருக்கிறது. லண்டனில் 1875-ஆம் ஆண்டில், குதிரை வண்டிக்காரர்கள் மழையிலும் பனியிலும் வண்டியை விட்டு அகல முடியாமல் நடுங்குவதைக் கண்டு மனமிரங்கிய சிலர் ஒரு நிதி திரட்டி, சாலையோரங்களில் பச்சை வர்ணம் பூசிய சிறு மரக் கூடங்களைக் கட்டினார்கள்; சூடான உணவும் உட்கார இடமும் அங்கே கிடைத்தன. 1914-க்குள் அறுபத்தொரு கூடங்கள் எழுந்தன. பதின்மூன்று இன்றும் நிற்கின்றன. காத்திருப்பவனும் உழைப்பவனே என்ற எண்ணம் முதலில் தர்மமாக மலர்ந்தது அங்கே. அது நியாயமாகக் கனிய ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. 2021 பிப்ரவரி 19 அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், ஊபர் ஓட்டுநர்கள் சுயதொழில் புரிவோர் அல்லர், குறைந்தபட்ச ஊதியத்துக்கும் சம்பளத்தோடு கூடிய விடுமுறைக்கும் உரிய தொழிலாளரே என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. கட்டணத்தை நிர்ணயிப்பது கம்பெனியே, ஓட்டுநர் அல்லர் என்பது அந்தத் தீர்ப்பு எடுத்துக் காட்டிய காரணங்களுள் முதலாவது. செயலியைத் திறந்துவைத்துச் சவாரிக்குத் தயாராக இருக்கும் நேரம் முழுவதும் வேலை நேரமே என்பது அதன் முடிவுகளுள் முக்கியமானது. நியூயார்க் நகரத்திலோ, 2018 டிசம்பரில் செயலி வழி ஓட்டுநர்களுக்குச் செலவு போக மணிக்கு 17.22 டாலர் கிடைக்கும்படி குறைந்தபட்ச ஊதியம் வகுத்தபோது, பிரயாணியின்றிக் கழியும் நேரத்தையும் கணித்து அதற்கு ஈடாகச் சவாரியின் விலையை உயர்த்தும் சூத்திரத்தை அதனுள் வைத்தார்கள். விலை வைப்பவரே காத்திருப்புக்கும் பொறுப்பாளி என்ற நியாயம் இவ்வாறு ஒரு நீதிமன்றத்தில் தீர்ப்பாகவும், ஒரு நகரத்தில் எண்ணிக்கையாகவும் உருப்பெற்றிருக்கிறது.

நம் நாட்டிலும் விடியல் இல்லாமலில்லை. செயலி வழி வேலை செய்யும் தொழிலாளருக்காக முதன்முதலில் தனிச்சட்டம் இயற்றிய பெருமை 2023-இல் ராஜஸ்தானுக்குக் கிடைத்தது; அதே ஆண்டின் இறுதியில் தமிழ்நாட்டில் அவர்களுக்கென்று ஒரு நலவாரியம் ஏற்பட்டது. மத்திய அரசின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், இடைநிலைக் கம்பெனிகள் தம் ஆண்டு வருமானத்தில் ஒன்று முதல் இரண்டு விழுக்காட்டை இவர்கள் நலனுக்காகச் செலுத்த வேண்டுமென்கிறது. மேற்கு வங்க அரசாங்கம் 2023 அக்டோபரில் ‘யாத்ரி சாத்தி’ என்ற செயலியைத் தானே தொடங்கி, இடைத்தரகுப் பங்கு இல்லாமல் சவாரி முழுவதும் சாரதிக்கே சேரும்படி வழி செய்தது. மஞ்சள் டாக்சிக்காரர்களும் அதில் சேர்ந்தார்கள். திரும்பும் வழிக்குப் பிரயாணி கிடைக்கும் வாய்ப்பும் அதனால் பிறந்தது. அபராதம் விதித்த அதே அரசாங்கம் ஒன்பது ஆண்டுகளில் இந்த இடத்துக்கு வந்திருக்கிறது என்பதைப் போற்ற வேண்டும்.

ஆயினும் நலவாரியம் விபத்துக்கும் சாவுக்கும் உதவும். அன்றாடக் கூலியை அது தொடாது. இடைத்தரகு நீங்கினால் கிடைத்த பணம் கைக்கு வரும். கிடைக்காத மணி நேரங்களை அது நிரப்பாது. ஆகவே செய்ய வேண்டியவை இன்னும் உண்டு. கட்டணம், மந்திரிகளின் மனநிலையையும் தேர்தல் காலத்தையும் பார்த்து அசையாமல், எரிபொருள் விலையோடும் உணவுப் பண்டங்களின் விலையோடும் ஆண்டுக்கொரு முறை தானே திருந்தும்படி விதி செய்ய வேண்டும். வெறுமையாகத் திரும்பும் தூரத்துக்கும் காத்திருக்கும் நேரத்துக்கும் அந்தக் கட்டணத்தில் பங்கு கட்ட வேண்டும். அப்போது மறுப்பைக் குற்றமென்று சொல்லும் தகுதி அரசாங்கத்துக்கு முழுமையாக உண்டாகும். தின வாடகைக்கு வண்டி கொடுக்கும் முதலாளிகள் கேட்கும் தொகைக்கும் ஒரு வரம்பு வேண்டும். ஓட்டுபவரின் வருமானத்துக்கு மட்டும் உச்சவரம்பு கட்டிவிட்டு அவர் கொடுக்க வேண்டியதைக் கட்டவிழ்த்து விடுவது நீதியாகாது. ஹௌரா, சியால்தா, விமான நிலையம், பெரிய ஆஸ்பத்திரிகள் ஆகிய இடங்களில் நிழலும் குடிநீரும் கழிப்பிடமும் படுத்து எழச் சிறிது இடமும் அமைப்பது எந்த நகராட்சிக்கும் பாரமாக இருக்க முடியாது. பகல் முழுவதும் இருக்கையில் அமர்ந்து, சிறுநீரை அடக்கி, முதுகும் மூட்டும் தேய்ந்து போகும் ஒரு தொழிலில், தண்ணீர் குடிப்பதற்கே அஞ்சும்படி மனிதர்களை வைத்திருப்பது, அவர்கள் ஓட்டும் வண்டியில் ஏறிப்போகும் நம் எல்லோருக்கும் அவமானம்.

இவை அனைத்துக்கும் பணம் வேண்டும். அதில் ஒரு பகுதி பிரயாணியிடமிருந்துதான் வர வேண்டும் என்பதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. டாக்சி, தினந்தோறும் வேலைக்குப் போகும் ஏழையின் வாகனமல்ல. அவருக்கு டிராமும் பஸ்ஸும் மெட்ரோவும் மலிவாக இருந்தாக வேண்டும், அதை அரசாங்கம் தன் கஜானாவிலிருந்து தாங்க வேண்டும். டாக்சியில் ஏறுபவர், அவசரத்தாலோ சௌகரியத்துக்காகவோ, ஒரு மனிதனையும் ஒரு வண்டியையும் முழுமையாகத் தமக்கென்று சிறிது நேரம் அமர்த்திக்கொள்கிறார்; அந்த மனிதன் அந்த இடத்தில், அந்த வேளையில் கிடைப்பதற்காகவே அதற்கு முன் எவ்வளவோ நேரம் நின்றிருக்கிறான். அவன் நின்றிராவிட்டால் நமக்கு வண்டி இல்லை. அந்த நேரத்தின் பயனை அனுபவிக்கிறவர்கள் நாம். ஆகவே அதன் விலையையும் நாம் கொடுக்கத்தான் வேண்டும். கட்டண உயர்வு என்ற செய்தி வரும்போது முதலில் கொதிப்பதை விட்டு, அந்த உயர்வு முழுமையாக ஓட்டுபவர் கைக்குப் போகிறதா என்று கேட்கக் கற்றுக்கொண்டால், நம் வேலைக்கு நாம் கேட்கும் நியாயத்தை அவருக்கும் கொடுத்தவர்கள் ஆவோம்.